எந்த இந்தியா, எந்த ஐரோப்பா: வெளிநாட்டுக் கொள்கை வன்னிக்கு வந்து சேரும் விதம்

இலங்கையின் வடக்கே, வன்னியில், ஓமந்தையில் இருந்து பரந்தன் நோக்கி ஏ-9 வீதியால் பயணம் செய்பவர், பல நாடுகளின் வெளிநாட்டுக் கொள்கைகளுக்கு ஊடாகத் தான் போய்க்கொண்டிருப்பதைப் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. சக்கரத்துக்குக் கீழே கிடக்கும் தார் சீனக் கடனில் போடப்பட்டது. வீதியின் அருகே ஓடும் தண்டவாளம் இந்தியக் கடனில், இந்திய அரச நிறுவனமான இர்கோனால் மீள அமைக்கப்பட்டது. 1990 இல் வன்னிக்கு வராமல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2013 செப்டெம்பரில் அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் மறுபடியும் கிளிநொச்சிக்கு வந்தது. கண்ணிவெடி அகற்றப்பட்டு இப்போது நெல்லோ கச்சானோ விளையும் காணிகளைத் துப்புரவாக்கிய பணத்தில் ஜப்பான், அமெரிக்கா, பிரித்தானியா, நோர்வே எனப் பல நாடுகளின் பங்கு உண்டு. வீதியை விட்டுக் கிழக்கே உள்ளொழுங்கைகளுக்குள் இறங்கினால், மக்கள் 'இந்தியன் வீடு' என்றே சொல்லிப் பழகிவிட்ட ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கின்றன.

அப்படியொரு வீட்டின் திண்ணையில், உரலுக்குப் பக்கத்தில் கால் நீட்டி இருந்த ஓர் ஆச்சி என்னிடம் கேட்ட கேள்வியில் இருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. "தம்பி, நாங்கள் பங்கருக்குள்ளை கிடந்து கத்தேக்கை பேசாமல் இருந்ததும் இந்தியாதான், பிறகு காசு தந்து வீடு கட்டச் சொன்னதும் இந்தியாதான். ஜெனீவாவிலை ஒருக்கால் எங்களுக்காகக் கை உயர்த்தினவை, மற்றமுறை கையைக் கட்டிக்கொண்டு இருந்தவை. இதிலை எந்த இந்தியாவை நான் நம்புறது?" என்று அவர் கேட்டார். நான் அன்று மழுப்பினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், 'இந்தியாவின் நிலைப்பாடு', 'அமெரிக்காவின் உள்நோக்கம்' என்று நாடுகளை ஒரே மூளையும் ஒரே மனமும் கொண்ட ஆட்களைப் போல எழுதித் தள்ளும் நமது அரசியல் ஆய்வாளர்கள் பலரைவிட அந்த ஆச்சி விடயத்துக்கு நெருக்கமாக நிற்கிறார். ஒரு நாடு என்பது பல மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனிக் கோப்பு, தனித்தனிப் பணப்பெட்டி, தனித்தனிக் கடிகாரம். அந்த மேசைகளில் இருந்து வெவ்வேறு நேரத்தில் புறப்படும் முடிவுகளைத்தான் நாம் இங்கே ஒன்றாகக் குவித்து ஒரு நாட்டின் 'கொள்கை' என்று பெயரிடுகிறோம்.

வீட்டுக் கோப்பையே எடுத்துக்கொள்வோம். 2010 ஜூனில் அன்றைய இலங்கை ஜனாதிபதி புதுடில்லி சென்றிருந்தபோது 50,000 வீடுகள் தருவதாக இந்தியா அறிவித்தது. வடக்குக் கிழக்குக்கு 46,000, மலையகத்துக்கு 4,000 என்ற பங்கீட்டில், முதலில் ஆயிரம் வீடுகள் மாதிரித் திட்டமாக எழுந்தன. வடக்குக் கிழக்கின் மற்ற வீடுகள் 2012 ஒக்டோபரில் தொடங்கிய பெரிய கட்டத்தில், பயனாளிகள் தாங்களே கட்டுவது என்ற முறையில், வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபா என்ற கணக்கில், அத்திவாரம், சுவர், கூரை என வேலை ஏறஏறத் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்த பணத்தில் கட்டப்பட்டன. இது நன்கொடை. ஆனால் அதே காலத்தில் வந்த தண்டவாளம் கடன். அது வேறு நிதி ஒழுங்கின் கீழ், வட்டியும் தவணையும் பேசி, இந்திய நிறுவனங்களுக்கு வேலை கிடைக்கும் நிபந்தனையோடு வந்தது. ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், கை உயர்த்துவதா இல்லையா என்பது இந்த இரண்டு கோப்பும் கிடக்கும் மேசைகளுக்குப் போகாத விடயம்; அது பிரதமரின் மட்டத்தில், கூட்டணிக் கட்சிகளின் முகத்தைப் பார்த்து, கடைசி நாட்களில் முடிவாகும் விடயம். வீடு கட்ட அனுமதி கொடுத்த அதிகாரிக்கு வாக்கெடுப்பில் பேச்சில்லை. வாக்கெடுப்பைத் தீர்மானித்தவருக்கு இந்த ஒழுங்கையில் எத்தனை வீட்டுக்கு ஓடு வந்தது என்று தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஜெனீவா விடயத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் வெளிநாட்டுக் கொள்கை எப்படிச் சொற்களாக உருக்கொள்கிறது என்பதற்கு அதைவிடத் துலக்கமான உதாரணம் நமக்குக் கிடைக்காது. 2009 மே மாத இறுதியில், முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து ஒரு கிழமை கழிந்தபோது, மனித உரிமைகள் பேரவையின் சிறப்பு அமர்வில் இலங்கை அரசுக்குச் சார்பான தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 12, நடுநிலை வகித்தவை 6. இந்தியா சார்பாக வாக்களித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2012 மார்ச்சில், அமெரிக்கா முன்னெடுத்த தீர்மானம் 24க்கு 15 என்று நிறைவேறியபோது இந்தியா இலங்கைக்கு எதிரான பக்கத்தில் நின்றது. கிளிநொச்சியில் அன்று பலர் அதைப் பெரிய திருப்பமாகக் கொண்டாடினார்கள். தீர்மானத்தின் வாசகத்தை வாசித்தவர்கள் குறைவு.

ஒரு தீர்மானம் எழுதப்படும் விதம் இதுதான். முன்னின்று கொண்டுவரும் நாடுகள் முதல் வரைவைத் தயாரிக்கின்றன. பின்னர் முறைசாராக் கலந்துரையாடல் என்ற பெயரில் ஏனைய நாடுகளின் பிரதிநிதிகள் ஓர் அறையில் கூடி, பந்தி பந்தியாக, சில சமயம் சொல் சொல்லாகப் பேரம் பேசுகிறார்கள். 'வலியுறுத்துகிறது' என்பதற்கும் 'ஊக்குவிக்கிறது' என்பதற்கும் இடையே ஒரு மாத வேலை இருக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த அறையில் இருப்பவர் தன் தலைநகரிடம் அறிவுறுத்தல் கேட்க வேண்டும். தலைநகரின் பதில் வரும்வரை 'எனக்கு இன்னும் அறிவுறுத்தல் வரவில்லை' என்று சொல்லி இழுத்தடிப்பதும் இராசதந்திரத்தின் அங்கீகரிக்கப்பட்ட உத்தியே. 2012 இல் இந்தியா அந்தக் கட்டத்தில்தான் தன் வேலையைக் காட்டியது. ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் இலங்கைக்கு வழங்கும் ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் இலங்கை அரசுடன் கலந்தாலோசித்து, அதன் இணக்கத்துடனேயே வழங்கப்பட வேண்டும் என்ற வாசகத்தை உள்ளே புகுத்தியது. 'இணக்கத்துடன்' என்ற அந்த ஒரு சொல் போதும்: கொழும்பு மறுத்தால் எவரும் எதுவும் செய்ய முடியாது. ஒரு கையால் ஆதரவாக வாக்களித்து மறு கையால் பல்லைப் பிடுங்கிய இந்தச் செயலில் முரண்பாடு எதுவும் இல்லை. வாக்கு சென்னைக்கு, வாசகம் கொழும்புக்கு.

சென்னைக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைய மன்மோகன் சிங் அரசு கூட்டணிக் கட்சிகளின் தோளில் நின்றது. அவற்றுள் ஒன்று தி.மு.க. 2013 மார்ச் 19 இல் இலங்கை விவகாரத்தைக் காட்டித் தி.மு.க. கூட்டணியில் இருந்து விலகியது. இரண்டு நாள் கழித்து நடந்த வாக்கெடுப்பில் இந்தியா மறுபடியும் தீர்மானத்தை ஆதரித்தது. அடுத்த ஆண்டு, 2014 மார்ச்சில், சர்வதேச விசாரணைக்கு வழிசெய்த தீர்மானம் வந்தபோது, வெளியே போன கட்சியைத் திருப்திப்படுத்தும் தேவை இல்லாத அதே அரசு நடுநிலை வகித்தது. வெளியார் விசாரணை ஒரு நாட்டின் இறைமைக்குள் தலையிடுவது என்ற, காஷ்மீரை நினைவில் வைத்திருக்கும் எந்த இந்திய அதிகாரிக்கும் இயல்பாக வரும் அச்சம் அப்போது மேலெழுந்தது. 2021 இலும் 2022 இலும் ஆட்சி மாறியிருந்தும் நடுநிலை மாறவில்லை. ஆகவே ஆச்சி பார்த்தது கை உயர்த்திய ஒரு நாட்டையும் கையைக் கட்டிய இன்னொரு நாட்டையும் அல்ல. தொடர்ந்து நிலவிய ஓர் அச்சத்தையும், அதன்மேல் இரண்டு ஆண்டுகள் ஏறி நின்ற ஒரு கூட்டணிக் கணக்கையும்தான் அவர் பார்த்திருக்கிறார்.

இலங்கையின் பக்கம் மேசைகள் குறைவு, ஆனால் அவற்றுக்கிடையிலான இழுபறி குறைவில்லை. சுதந்திரத்தின்போது வந்த சோல்பரி அரசியலமைப்பின்படி பாதுகாப்பும் வெளிவிவகாரமும் பிரதமரின் கையிலேயே இருக்க வேண்டும்; அந்த வழக்கம் 1977 இல் ஏ.சி.எஸ். ஹமீத் தனி வெளிவிவகார அமைச்சராக வரும்வரை நீடித்தது. 1978 அரசியலமைப்பு தூதுவர்களை நியமிப்பதையும் வெளிநாட்டுத் தூதுவர்களை ஏற்பதையும் ஜனாதிபதியின் அதிகாரமாக்கியது. பதின்மூன்றாம் திருத்தம் மாகாணங்களுக்கு அதிகாரம் பகிர்ந்தபோதும் வெளிவிவகாரத்தை மத்தியின் ஒதுக்கிய நிரலில்தான் வைத்தது. வடமாகாண சபை இயங்கிய காலத்தில் அதன் முதலமைச்சரைச் சந்திக்கத் தூதுவர்கள் வரிசையாக வந்தாலும், அவரால் எந்த நாட்டுடனும் ஒரு பக்க உடன்படிக்கையில்கூடக் கைச்சாத்திட முடியாது என்பதே சட்டம். பெரிய கடன்களில் வெளிவிவகார அமைச்சைவிடத் திறைசேரியின் குரலே மேலோங்கும். துறைமுகம், இராணுவப் பயிற்சி, ஆய்வுக்கப்பல் என்றால் பாதுகாப்பு அமைச்சும் கூடவே வரும். 2022 இல் யுவான் வாங்-5 என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வர முதலில் அனுமதி, இந்தியா ஆட்சேபித்ததும் வருகையைப் பிற்போடக் கோரிக்கை, சில நாளில் மறுபடியும் அனுமதி என்று கொழும்பு தடுமாறியதை 'இலங்கையின் சாணக்கியம்' என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கென்னவோ, ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடிய மாதத்தில் ஒரு மேசை கொடுத்த அனுமதியை இன்னொரு மேசை பின்னால் ஓடிப் பிடிக்க முயன்றதாகவே அது தோன்றுகிறது.

சாணக்கியம் என்ற சொல்லுக்கு உண்மையில் தகுதியான ஓர் இடம் இலங்கை வரலாற்றில் உண்டு. 1952 இல் அரிசி தட்டுப்பாடு. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. கொரியப் போரின் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போன இறப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. கம்யூனிசத்தை வெளிப்படையாகவே வெறுத்த டட்லி சேனநாயக்க அரசு, அந்த ஆண்டு டிசம்பரில் கம்யூனிச சீனாவுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்து, ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்க ஒப்புக்கொண்டது. சீனா இறப்பருக்குச் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்தது. இறப்பர் போர்த் தளவாடங்களுக்கு வேண்டிய பொருள் என்பதால் அதைச் சீனாவுக்கு விற்கும் நாட்டுக்கு உதவி இல்லை என்பது அமெரிக்கச் சட்டம். அதன்படி இலங்கைக்கு அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது. பெய்ஜிங்கில் இலங்கைக்குத் தூதரகம்கூட அப்போது இல்லை. இராசதந்திர உறவு 1957 இல்தான் ஏற்பட்டது. வயிறு முதலில், தத்துவம் பிறகு என்பதே அந்த உடன்படிக்கையின் சுருக்கம். அரிசியின் மேல் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதை அதே அரசு மறு ஆண்டே கண்டது: பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்தில் இருந்து 70 சதமாக்கியதும் ஹர்த்தால் வெடித்தது, டட்லி பதவி விலகினார்.

சிறிய அரசு பெரியவர்களுக்கு நடுவே நெளிந்து பிழைப்பது வன்னி மண்ணுக்குப் புதிதல்ல. ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்துக்கொண்டும், கொடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டும், கண்டி இராச்சியத்தோடு உறவு வைத்துக்கொண்டும் வன்னிமைகள் என்ற இங்குள்ள சிற்றரசுகள் நெடுங்காலம் தாக்குப்பிடித்தன. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட நினைவுக்கல், 1803 ஒக்டோபர் 31 இல் வன்னித் தலைவன் பண்டார வன்னியனை ஆங்கிலேயரின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்ததைச் சொல்லியது. அதே ஆண்டில் கண்டி ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்ததும், அந்த வேளை பார்த்தே பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும் அந்தக் கல்லில் இல்லை. நெளிய இடம் கொடுத்த பெரிய எதிரிகள் இரண்டில் ஒன்று போனதும் சிறியவரின் காலமும் முடிந்துவிடுகிறது. 1815 இல் கண்டிக்கும் அதுவே நடந்தது.

கொள்கை வகுப்பவர்களுக்கு ஒரு கையொப்பத்தோடு முடியும் விடயம், அதற்கு உள்ளாகும் மக்களுக்குத் தலைமுறை கடந்தும் முடிவதில்லை. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் முடிவுரை மலையகத்தில் மட்டும் எழுதப்படவில்லை, வன்னியிலும் எழுதப்பட்டது. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட, இந்திய வம்சாவளி மலையகத் தமிழர் 975,000 பேரில் 525,000 பேரையும் அவர்களின் இயற்கைப் பெருக்கத்தையும் இந்தியா எடுப்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பேசுவது என்று இரண்டு பிரதமர்கள் முடிவு செய்தார்கள். அந்த 150,000 பேர் பத்து வருடம் காத்திருந்து, 1974 இல் 75,000 வீதம் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டார்கள். நெல் மூட்டையைக்கூட இப்படிப் பிரிக்கும்போது நிறுத்துப் பார்ப்பார்கள்.

ஏன் அந்த நேரத்தில் அந்த ஒப்பந்தம்? நேரு இருக்கும்வரை, இந்தியாவுக்குப் போக விரும்பாத மக்களைப் பொறுப்பேற்க அவர் பெரும்பாலும் மறுத்தே வந்தார். 1962 இல் சீனாவுடன் நடந்த போரில் இந்தியா அடிவாங்கியது; அதைத் தொடர்ந்து சமரசம் பேசக் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டைக் கொழும்பில் கூட்டியவர் சிறிமாவோ. 1964 மேயில் நேரு இறந்தார். புதிதாக வந்த சாஸ்திரிக்கு அயல்நாடுகளின் நல்லுறவு அவசரமாகத் தேவைப்பட்டது. இமயமலையில் ஏற்பட்ட தோல்வியின் விலையில் ஒரு பங்கை நுவரெலியாவின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகள் செலுத்தின என்று சொன்னால் அது மிகையல்ல. இந்தியாவுக்குப் பதிவானவர்கள் தலைமன்னார் வரை ரயிலிலும் அங்கிருந்து 'ராமானுஜம்' கப்பலிலும் போனார்கள். 1984 இல் போர்ச் சூழலால் கப்பல் நின்றதோடு, போகவேண்டியவர்களில் ஒரு பகுதியினர் போகாமலே நின்றார்கள். இன்னொரு பகுதியினர் வடக்கே வந்தார்கள். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தக் குடியிருப்புகளில் வயதானவர்களிடம் அலுமாரியின் அடித்தட்டில் பொலித்தீன் பையில் சுற்றிய கடதாசிகள் இருக்கும்: விண்ணப்பத்தின் பிரதி, தோட்டத்துரை கொடுத்த துண்டு, மங்கிப்போன ஒரு முத்திரை. குடியுரிமைச் சிக்கலை இறுதியாகத் தீர்க்கும் சட்டம் 2003 இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பதினைந்து ஆண்டுகளில் நிறைவேற்றுவதாக எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம், முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, வேறொரு சட்டத்தால் முடித்துவைக்கப்பட்டது.

மேசைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதை வன்னி நேரில் கண்டது 2006 இல். 2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபோது, அதைக் கண்காணிக்க நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நோர்டிக் நாடுகளில் இருந்து ஆட்கள் வந்தார்கள். கிளிநொச்சியில் அவர்களின் வெள்ளை வாகனம் போனால் சிறுவர்கள் கையசைப்பார்கள். 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய உதவி வழங்கும் நாடுகள் 450 கோடி டொலர் தருவதாக வாக்களித்தன. ஐரோப்பிய ஒன்றியம் அந்த முயற்சியின் இணைத்தலைமைகளில் ஒன்று. அதே ஐரோப்பிய ஒன்றியம் 2006 மேயில் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் ஒரு மேசையின் வேலை, சமாதானம் இன்னொரு மேசையின் வேலை. ஆனால் சுவீடன், டென்மார்க், பின்லாந்து மூன்றும் ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள். தங்களைத் தடைசெய்தவர்களின் ஆட்கள் நடுநிலைக் கண்காணிப்பாளராக இருக்க முடியாது என்று புலிகள் சொல்ல, செப்டெம்பருக்குள் அந்த நாட்டவர்கள் வெளியேறினார்கள். நோர்வேயும் ஐஸ்லாந்தும் ஒன்றியத்தில் சேராதவை என்பதால் மட்டும் அவர்களின் ஆட்கள் மிஞ்சினார்கள். போர் அதனால்தான் வந்தது என்று சொல்ல வரவில்லை. அதற்கு வேறு காரணங்கள் போதுமான அளவு இருந்தன. ஆனால் போர் மறுபடி தொடங்கிய கோடையில் களத்தில் இருந்த சாட்சிகளின் எண்ணிக்கை குறைந்ததற்கு பிரசெல்ஸில் எடுத்த ஒரு முடிவு காரணம்.

சாட்சிகளில் பெரும்பாலானோர் போனது 2008 செப்டெம்பரில். பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசு அறிவிக்க, ஐ.நா. அமைப்புகள் வன்னியை விட்டு வவுனியாவுக்கு நகர்ந்தன. போகவேண்டாம் என்று கிளிநொச்சியில் அவற்றின் வாசலில் மக்கள் கூடி நின்றார்கள். பிறகு கடற்கரையில், தறப்பாள் கொட்டில்களுக்குள், வெளிநாட்டுக் கப்பல் வரும் என்ற பேச்சு நாளுக்கு நாள் அலைந்தது. ஒரு நாட்டின் கடற்படை இன்னொரு நாட்டின் பன்னிரண்டு கடல்மைல் எல்லைக்குள் வந்து ஆட்களை ஏற்றுவதற்கு அந்த நாட்டின் சம்மதமோ பாதுகாப்புச் சபையின் ஆணையோ வேண்டும் என்பதும், பாதுகாப்புச் சபை இலங்கையைத் தன் முறையான நிகழ்ச்சிநிரலில் எடுக்கவே இல்லை என்பதும் அந்தக் கொட்டில்களுக்குத் தெரியாது. ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 2012 இல் அதைத் தன் பெருந்தோல்வி என்று ஒப்புக்கொண்டது.

பொருளாதாரத்தின் வழியே வரும் வெளிநாட்டுக் கொள்கைக்குச் சத்தம் குறைவு. விடிய ஐந்தரை மணிக்கு கிளிநொச்சியின் ஊர்ச் சந்திகளில் 'காமெண்ட்ஸ்' பஸ் நிற்கும். சோற்றுப் பெட்டியோடு பெண்பிள்ளைகள் ஏறுவார்கள். அவர்கள் தைக்கும் உடுப்பு ஐரோப்பாவுக்குத் தீர்வையின்றிப் போவதற்கு ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற சலுகை வேண்டும். அதற்கு 27 சர்வதேச சமவாயங்களை நாடு நடைமுறைப்படுத்த வேண்டும். சித்திரவதைக்கு எதிரான சமவாயம் உட்பட மூன்றைக் கடைப்பிடிக்கவில்லை என்று 2010 ஓகஸ்ட்டில் சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மேயில் திரும்பவும் கிடைத்தது. தன் அண்ணன் காணாமற்போன வழக்கில் நீதி கேட்கும் பெண், அந்த நீதி மறுக்கப்படுவதால் நாட்டுக்கு வரும் தண்டனையில் தன் வேலையையும் இழக்கக்கூடும் என்பது இந்தக் கருவியின் கூர்முனை. அதைக் கையாள்பவர்களும் இதை அறிவார்கள். அதனால்தான் மிரட்டுவது அடிக்கடி, நிறுத்துவது அரிது. அமெரிக்கா 2025 இல் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதம் என்று தீர்வையை அறிவித்து, நான்கு மாதத்தில் 20 வீதத்துக்கு இறக்கியபோது, அதில் சமவாயம், மனித உரிமை என்ற பேச்சே இருக்கவில்லை.

ஆச்சியின் கேள்விக்கு மிகத் தெளிவான விடை கடலில்தான் இருக்கிறது. அவரின் மருமகன் கடற்றொழிலாளி. திங்கள், புதன், சனி என்று கணக்கு வைத்து இந்திய இழுவைப்படகுகள், அவர் சொல்லில் 'றோலர்', கரைக்குக் கிட்ட வந்து அடிமடியை வாரிக்கொண்டு போகும் நாட்களில் இவர்கள் வலையை வள்ளத்தில் ஏற்றாமலே வாடியில் குந்தியிருப்பார்கள். 1974 இல் கச்சதீவு உடன்படிக்கை எல்லையை வரைந்தது. 1976 மார்ச் 23 இல் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிய கடிதங்கள் ஒருவர் மீனவர் மற்றவர் நீரில் தொழில் செய்யக்கூடாது என்று எழுதின. அந்தக் கடிதங்கள் எழுதப்பட்டபோது இந்தியாவில் அவசரகாலநிலை; தமிழ்நாட்டின் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மறுத்துப் பேச மாநிலத்தில் அரசே இல்லாத வேளையில் வந்த ஒரு கடிதத்தை, பின்னர் வந்த மாநில அரசுகள் எதுவும் மனதார ஏற்கவில்லை.

இந்திய அரசியலமைப்பில் மீன்பிடி மாநில நிரலில் இருக்கிறது. ஆள்புலக் கடலுக்கு அப்பாலான மீன்பிடியும் வெளிவிவகாரமும் மத்திய நிரலில் இருக்கின்றன. ஆகவே படகைப் பதிவது சென்னை, எல்லையை ஒப்புக்கொண்டது டில்லி, கடலில் நிற்பது இந்தியக் கரையோரக் காவல்படை. இலங்கை 2017 இல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே காலத்தில் பாக்குநீரிணைப் படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டத்தை இந்தியா தொடங்கியது. இரு நாட்டுக் கூட்டுச் செயற்குழு 2016 இல் அமைக்கப்பட்டு அவ்வப்போது கூடுகிறது. கூட்டறிக்கை ஒவ்வொன்றிலும் 'மனிதாபிமான அணுகுமுறை' என்ற சொற்றொடர் தவறாமல் வரும். அதன் பொருள் கைதான இந்திய மீனவரை விடுவிப்பது என்பதாகவே பெரும்பாலும் முடிகிறது. அறுந்த வலைக்கு யார் கொடுப்பது என்ற கேள்விக்கு அந்த அறையில் மேசை இல்லை. இங்கே பேசுவது தமிழன், அங்கே வருவதும் தமிழன் என்பதால் இரண்டு பக்கத்து அரசியல்வாதிகளும் இதைச் சத்தமாகப் பேசத் தயங்குவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தெரிந்துகொள்ள வெளிநாட்டுத் தூதரகங்களின் அரசியல் அதிகாரிகள் அவ்வப்போது வன்னிக்கு வருவார்கள். 1961 இன் வியன்னா சமவாயம் தூதரகங்களின் பணிகளில் ஒன்றாக, சட்டபூர்வமான வழிகளில் அந்த நாட்டின் நிலைமைகளை அறிந்து தன் அரசுக்கு அறிக்கையிடுவதைக் குறிப்பிடுகிறது. உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக்கூடாது என்றும் அதே சமவாயம் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் அவர்களின் வாகனம் நமது ஒழுங்கைக்குள் வந்து நிற்கிறது. அப்படியொரு சந்திப்பில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கடற்றொழிலாளர் சங்கத்துக்காரர் எட்டுப் பக்க மகஜர் வைத்திருந்தார். எந்தத் திகதியில் எத்தனை வலை, என்ன பெறுமதி என்று பள்ளிக்கூடக் கொப்பியில் கோடு போட்டு எழுதியிருந்தார். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார், நல்ல கேள்விகள் கேட்டார். அன்று மாலையோ மறுநாளோ அவர் தலைநகருக்கு எழுதும் குறிப்பில் வடக்கின் காணி, இராணுவ முகாம், காணாமற்போனோர், தேர்தல் எல்லாவற்றுக்கும் நடுவே இந்த எட்டுப் பக்கமும் இரண்டு வரியாகும் என்பதும், அந்த இரண்டு வரியையும் வாசிக்கும் மேசையில் அன்று வேறு எந்த நாட்டில் தீப்பிடித்திருக்கிறதோ அதைப் பொறுத்தே மேலே போகும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

வெளியே வரும்போது சங்கத்துக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இவர் எந்தப் பகுதிக்குப் பொறுப்பு? இவருக்கு மேலை ஆர்?" என்று கேட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். மூன்று வருடம் கழித்து அதே தூதரகத்தில் இருந்து மறுபடி வந்தார்கள். வந்தவர் புதியவர், பழையவர் இடமாற்றலாகி வேறு கண்டத்துக்குப் போய்விட்டாராம். சங்கத்துக்காரர் கொப்பியை முதல் பக்கத்தில் இருந்து திறந்தார்.